பக்கத் தகட்டைக் கழற்றினால்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் நான் முதலில் கேட்பது, "பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா?" என்பதுதான். அநேகமாக எல்லோருமே பதறிவிடுவார்கள். மிக்சிக்குக் கப்ளர் மாற்றத் தெரிந்தவர்கள், ஸ்கூட்டரின் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறவர்கள்கூட இந்தப் பெட்டி என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். பின்புறம் இருப்பது பெரும்பாலும் இரண்டே ஸ்க்ரூ. கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைப் பின்னோக்கி நகர்த்தினால் கையோடு வந்துவிடும். அதற்கு முன்பு பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெயின்ட் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட வேண்டும். உள்ளே பார்ப்பதற்கு இவ்வளவு எச்சரிக்கை போதும்.

முதலில் கண்ணில் படுவது தூசிதான். ப்ராசஸரின் மேலுள்ள ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். சூட்டை வெளியேற்ற வேண்டிய காற்றுக்கு வழியில்லாமல் போய், ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. "மெஷின் பழசாயிடுச்சு" என்று என்னிடம் காட்டப்பட்ட பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரு பெயின்ட் பிரஷ்ஷும், ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுத் தடவிய புது பேஸ்ட்டும் போதுமாக இருந்தன.

ஒரு மூலையில் கனமான இரும்புப் பெட்டிக்குள் பெட்டியாக இருப்பது எஸ்.எம்.பி.எஸ். இதை மட்டும் திறக்கவே கூடாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் இதற்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாகிக் கெபாசிட்டரில் தங்குகிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அங்கேயே இருக்கும். அதிலிருந்து 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரிந்து வெளியே வருகிறது. பழைய ஒயர்க் கட்டில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த். சாம்பல் நிறத்தில் ஒற்றை ஒயர் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பட்டனைத் தட்டியதும் ப்ராசஸர் உடனே வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. எல்லா வோல்ட்டேஜும் சரியான அளவுக்கு வந்து நிலைத்த பிறகு, "மின்சாரம் நன்று" என்று எஸ்.எம்.பி.எஸ். அந்த ஒயர் வழியாகச் சொல்லும். அதுவரை ப்ராசஸர் காத்திருக்கும். ஒரு விநாடிகூட ஆகாத காத்திருப்புதான், ஆனால் பின்னால் நடக்கும் அத்தனைக்கும் அதுவே பிள்ளையார் சுழி. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ப்ராசஸரின் தலைமுறையைப் பற்றி மணிக்கணக்கில் விசாரித்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேபினட்டோடு சும்மா வரும் பொருளாக விட்டுவிடுகிறார்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் நம் ஊர்களில் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் இதுதான்.

மதர்போர்டைப் பார்க்கும் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். ப்ராசஸரிலிருந்து ரேம் இருக்கும் இடத்துக்குப் போகும் செப்புக் கோடுகளில் சில, நேரே போகாமல் ஏன் இப்படி நெளிந்து நெளிந்து போகின்றன? மிக நல்ல கேள்வி. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸரின் ஒரு துடிப்புக்குள் ஒளியே சுமார் 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். செப்புக் கோட்டில் ஓடும் சிக்னல் அதைவிடவும் மெதுவானது. ஒரே நேரத்தில் புறப்படும் பிட்டுகள் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமானால் எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். அருகில் இருப்பவற்றை வேண்டுமென்றே சுற்றிப் போகவைக்கிறார்கள். அந்த நெளிவு ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கில் யாரோ உட்கார்ந்து திட்டமிட்டது என்பதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோடுகள் போய்ச் சேரும் ரேம்தான் இந்தப் பெட்டிக்குள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்டு 1960களில் கண்டுபிடித்து 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் உள்ளே இருக்கிறது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். கெபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இதைவிட எளிமையாக ஒரு நினைவைச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கெபாசிட்டர் ஒழுகும். அதனால் வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, எல்லாவற்றையும் வாசித்து மறுபடி எழுதியாக வேண்டும். 8 ஜி.பி. ரேமில் 6,800 கோடிக்கும் அதிகமான பிட்டுகள். நாம் ஒரு கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனால், அந்தப் பாதிக் கடிதம் திரையில் சும்மா நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் விநாடிக்குப் பதினைந்து முறை அது மறக்கப்படவிருந்து, ஒவ்வொரு முறையும் மீட்கப்படுகிறது. கரண்ட் போனால் அந்தக் காவல் நின்றுவிடும். சேமிக்காத கடிதமும் போய்விடும். 2024இல் டென்னார்டு காலமான செய்தியைப் படித்தபோது, உலகத்தில் உள்ள அத்தனை கம்ப்யூட்டரிலும் போனிலும் அந்த நிமிடத்திலும் அவருடைய எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று தோன்றியது.

இத்தனை நுட்பமான பொருளுக்கு நம் ஊர் வைத்தியம் ஒரு பென்சில் ரப்பர். ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வராமல் விட்டுவிட்டுக் கூவுகிறதா? பெரும்பாலும் ரேமின் தங்க முலாம் பூசிய பற்கள் ஸ்லாட்டோடு சரியாகத் தொடவில்லை. இரு பக்கத் தாழ்ப்பாளையும் விலக்கி ரேமை எடுத்து, பற்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை நன்றாகத் துடைத்துவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்ட வேண்டும். தப்பாக மாட்டிவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். நடுவே ஒரு வெட்டு இருக்கிறது, டி.டி.ஆர்.3க்கும் டி.டி.ஆர்.4க்கும் அது வேறு வேறு இடத்தில் இருப்பதால் பொருந்தாதது உள்ளே போகாது. முன்பின் தெரியாத ஒருவரின் கையையும் மனத்தில் வைத்து இதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த அக்கறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வட்டமான சின்ன பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.2032, 3 வோல்ட். பெட்டிக்கு மின்சாரமே இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அது. அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி பொருந்தாததால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். வீட்டுக்காரர் வைரஸ் என்று நினைத்துக் கலங்கிப்போயிருப்பார். பேட்டரி கடைவீதியில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட முடிகிறதே, இது தானாக அமைந்ததில்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டது. ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு, அவசரத்தில் இருந்ததால், சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதைச் செய்தது. அதைவிட முக்கியம், சர்க்யூட் வரைபடங்களையும், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் நிரலையும் ஒரு கையேட்டில் அச்சிட்டு விற்றது. யார் வேண்டுமானாலும் அதற்கு அட்டை செய்து ஸ்லாட்டில் செருகலாம் என்றானது. பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அதை நகலெடுக்க முடியாது. காம்பேக் நிறுவனம் அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாகத் தானே எழுதிக்கொண்டு, 1982 நவம்பரில் ஐ.பி.எம்.முக்கு இணையான இயந்திரத்தை அறிவித்தது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, மதர்போர்டின் ஸ்க்ரூத் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை வரையறுத்தது. அன்றைய கேபினட்டில் இன்றைய போர்டைப் பெரும்பாலும் பொருத்திவிடலாம்.

அந்தத் துளைகளின் மேல்தான் சென்னை ரிச்சி தெருவின் ஒரு பாதி நிற்கிறது என்பேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், பேருக்குத்தான் தெரு. மாடிப்படிக்குக் கீழேயும் கடை. துண்டுச் சீட்டில் போர்டு, ப்ராசஸர், ரேம், டிஸ்க் என்று எழுதி எதிரே விலை போட்டுத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கி, ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வாங்கி, ஒரு மேசையில் வைத்து அசெம்பிள் செய்யச் சொல்லலாம். பெரிய படிப்பு இல்லாத பையன்கள் நின்றபடியே ஒரு முழுக் கம்ப்யூட்டரை உருவாக்கிக் கையில் கொடுப்பதை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நடுத்தர வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்ததில் அந்தப் பையன்களுக்குப் பங்கு உண்டு. இதை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

மெல்லிய மடிக்கணினிகளில் இப்படிக் கழற்றி மாட்டும் வழி குறுகிக்கொண்டே வருகிறது. ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை: கோடுகள் குட்டையானால் மின்சாரம் மிச்சம், வேகம் அதிகம், தடிமனும் குறைவு. ஆனால் அந்த ரேமில் ஒரு சில்லு பழுதானாலும் போர்டே போனது போலத்தான். மூன்று வருஷம் கழித்து 8 ஜி.பி. போதாது என்று தோன்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாங்கிய அன்றைக்கே அதன் ஆயுளை வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. வேகத்தையும் விடாமல், கழற்றி மாட்டும் வசதியையும் விடாமல் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சியாக, ரேமுக்கான அளவுமுறைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் கேம்2 என்ற புதிய ரேம் அளவுமுறையை வெளியிட்டிருக்கிறது. தட்டையான அட்டையைப் போர்டோடு ஒட்டிக் கிடத்தி ஸ்க்ரூ போட்டு முடுக்கும் ஏற்பாடு. கடைகளில் பரவலாக வரும்வரை கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

மேல் வீட்டுப் பெண் கல்லூரியில் சேர்ந்தபோது லேப்டாப் வாங்க என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். "கடைக்காரர்கிட்ட என்ன கேக்கணும் மாமா?" என்றாள். ரேமைக் கழற்ற முடியுமா, காலி ஸ்லாட் இருக்கிறதா, எஸ்.எஸ்.டி.யைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னேன். நிறத்தையும் எடையையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விற்பனைப் பையன் சற்றுத் திகைத்தான். "யாரும் இதைக் கேட்டதில்ல மேடம், உள்ள கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று போனவன் வர நேரமானது. வரும்போது கையில் ஸ்க்ரூ டிரைவரோடு சர்வீஸ் பிரிவுக்காரர் ஒருவரையும் அழைத்து வந்தான். அவர் காட்சிக்கு வைத்திருந்த மூன்றில் ஒன்றைத் தட்டிக் காட்டி, "இதுல ஒரு ஸ்லாட் காலியா இருக்கு, மத்த ரெண்டுலயும் பத்தவெச்சது" என்றார். விலை கொஞ்சம் கூடுதல்தான். தட்டிக் காட்டியதையே வாங்கினோம்.