இண்டெக்ஸில் இல்லாத பெயர்

2003-ஆம் ஆண்டு. அப்போது நான் இராஜபாளையத்தில் உதவிப் பங்குத்தந்தை. நூற்பாலையில் பணிபுரிந்த ஒரு பெண்ணுக்குத் திருவில்லிபுத்தூரில் வரன் அமைந்திருந்தது. ஓலை வாசிக்கத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டித் தாயும் மகளும் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் உடன் வந்திருந்தார்.

பழைய பதிவேடுகள் நைந்துபோனதால், பெயர்களையெல்லாம் பாக்ஸ்புரோ 2.6-இல் ஏற்றிவிட்டு ஏடுகளைப் பீரோவில் பூட்டியிருந்தோம். (1992-இல் மைக்ரோசாப்ட் வாங்கிய மென்பொருள் அது, இனிப் புதிய பதிப்பு வராதென்று 2007-இல் அறிவித்துவிட்டார்கள்.) கேட்ட பெயரை நொடியில் காட்டும். அன்று காட்டவில்லை.

"பெயர் இல்லையம்மா" என்றேன்.

"இந்தக் கோயில்லதான சாமி ஞானஸ்நானம் குடுத்தது" என்றார் தாய். சித்தப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துகொண்டார்.

யாருக்கும் பாதகமில்லையெனில், திருமுழுக்கை மெய்ப்பிக்க நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும் என்கிறது திருச்சபைச் சட்டம் 876. குருமடத்தில் படித்ததுதான். திரையின் முன் நினைவுக்கு வரவில்லை.

இரவு பீரோவைத் திறந்தேன். 1979-ஆம் ஆண்டின் பக்கத்தில் பெயர் இருந்தது.

பின் கணினியில் ஏன் இல்லை? பெயர்களை அகரவரிசையில் தேடித் தருவது இண்டெக்ஸ் என்னும் தனிக்கோப்பு. நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்றது. அதைத் திறக்காமல் புதுப்பெயர்களைச் சேர்த்தால், பெயர் பட்டியலில் பதியும்; இண்டெக்ஸ் அறியாது. தேடினாலும் அகப்படாது, ஒவ்வொன்றாகப் புரட்டினாலும் திரை அதைத் தாண்டியே செல்லும். தட்டச்சு செய்த தம்பி ஒருநாள் அப்படிச் சேர்த்திருக்கிறான். அவசரப்படுத்தியவன் நான்தான். இண்டெக்ஸை விலக்கிப் பார்த்தபோது பட்டியலின் அடியில் 41 பெயர்கள் நின்றன. பழையதை அழித்துப் புதிய இண்டெக்ஸ் உருவாக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை.

விடிந்ததும் சான்றிதழுடன் அவர்கள் வீட்டுக்கும், பிறகு பேருந்தேறிச் சித்தப்பாவின் வீட்டுக்கும் சென்றேன். திருமணம் நடந்தது.

அந்த 41 பெயர்களை மறுபடி வாசித்தபோது ஒரு பெயரில் கண் நின்றது. ஒரு மாதத்துக்கு முன் வந்த இளைஞர். அவருக்கும் இல்லை என்றே சொல்லியிருந்தேன். "சரிங்க சாமி" என்று போய்விட்டார். முகவரி வாங்கி வைக்கவில்லை. உபதேசியாரைத் தெருத்தெருவாக விசாரிக்கச் சொன்னேன். குடும்பம் ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார்கள். சான்றிதழை எழுதி, முத்திரையிட்டு, ஏட்டின் அந்தப் பக்கத்திலேயே வைத்தேன். நான் மாற்றலாகிப் போன நாளிலும் அது அங்கேதான் இருந்தது.