டயர் வாங்கப் போன கதை

கார் டயரைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். 2024 ஆகஸ்டு வரை எனக்கு ஒன்றும் தெரியாதுதான். கறுப்பாக இருக்கும், வட்டமாக இருக்கும், அவசரமாகப் போகும்போது பார்த்து பங்க்சர் ஆகும். பட்டன் இருந்தால் நல்ல டயர், மொட்டையாகி விட்டால் மாற்ற வேண்டிய டயர். இந்த ஞானத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருபது வருஷம் கார் ஓட்டி விட்டேன்.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள்.

"தம்பி, உன் மருமான் மறுபடியும் அந்த ரேஸ் மைதானத்துக்குப் போகிறானாம். அதற்கென்று விசேஷ டயர் வாங்கப் போகிறானாம். வீட்டிலே இருப்பது ஒரே வண்டி. அதில்தான் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். நீ சொன்னால் கேட்பான். கொஞ்சம் சொல்லேன்."

புத்தகம் எழுதுகிறவன் புத்தி சொல்லவும் தகுதி உடையவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு மூட நம்பிக்கை உண்டு. அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு நானும் கிளம்பினேன்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கே 1990-இல் திறந்த பந்தயப் பாதை, ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சென்னைக்காரர்கள் கார்ப் பந்தயம் பார்க்கச் சோழவரத்துக்குப் போவார்கள். யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. என் தகப்பனார் அந்தக் காலத்து இரைச்சலைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்.

மருமான் போவது பந்தயத்துக்கு அல்ல. பணம் கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, தன் சொந்த வண்டியை அந்தப் பாதையில் சில சுற்று ஓட்டிப் பார்ப்பதற்கு. பரிசு கிடையாது, யாரும் யாரையும் ஜெயிப்பதும் கிடையாது. இது தவிர ஆட்டோகிராஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. திடலில் கூம்புகளை நட்டு, அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஒரு நிமிஷத்தில் முடிந்து விடும். அதற்கும் போகிறான்.

ஒவ்வொரு தடவை உள்ளே வந்து நின்றதும் அவன் குந்தி உட்கார்ந்து டயருக்குக் காற்று அளந்தான். ஓடிச் சூடேறினால் அழுத்தம் ஏறி விடுமாம்; கொஞ்சம் இறக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்புமுன் ஆறிய டயரில் மறந்து விடாமல் மறுபடி நிரப்ப வேண்டும். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து வைத்திருந்தான். வளைவில் டயர் எவ்வளவு மடங்கித் தரையைத் தொடுகிறதோ, அவ்வளவு கோடு அழிந்திருக்கும். "மாமா, ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையில்தான் நாம் எல்லாரும் போய் வருகிறோம்" என்றான்.

புத்தி சொல்ல நான் தயாரித்து வைத்திருந்த முதல் வாக்கியம் அங்கேயே மறந்து போயிற்று.

மறு வாரம் டயர் கடைக்குப் போனோம். டயரின் பக்கத்தில் இத்தனை எழுத்து இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். 195/55 ஆர் 15 85 வி. அகலம் 195 மில்லிமீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவிகிதம்; 15 அங்குலச் சக்கரத்தில் பொருந்தும்; 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும்; வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஈடு கொடுக்கும். ஒரு ஜாதகம் முழுவதும் ஒரு வரியில் இருக்கிறது!

இன்னோர் எண்ணும் உண்டு. அமெரிக்கச் சட்டத்துக்காகப் போடுவது, தேய்மானத்தின் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்கிற டயருக்கு 100 என்றால், 200 போட்ட டயர் அதைப் போல் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். எண் குறையக் குறைய ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு.

"இதை யார் சோதித்துப் போடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"தயாரிக்கிற கம்பெனியேதான், மாமா."

பரீட்சை எழுதிய பையனே திருத்தி மார்க்கும் போட்டுக் கொள்கிற ஏற்பாடு! அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் நடத்துகிற பெரிய சங்கம் ஒன்று, சாலை வண்டிப் பிரிவில் 200-க்குக் குறைந்த எண் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அதிலிருந்து, பிடிப்பெல்லாம் பந்தய டயர் மாதிரியும் எண் மட்டும் 200-மாக டயர்கள் வர ஆரம்பித்து விட்டன என்று மருமான் சிரித்தான்.

கடையில் மூன்று விதம் எடுத்து வைத்தார்கள். முதலாவது, சத்தமில்லாமல் நெடுநாள் உழைக்கிற சாது. அதைப் பந்தயப் பாதையில் நாலு சுற்று விரட்டினால் சூடு தாங்காமல் வழுக்க ஆரம்பித்து விடும். இரண்டாவது, சட்டப்படி சாலையிலும் ஓடலாம் என்று பெயருக்கு நாலு கோடு கிழித்த பந்தய டயர். சூடேறினால் தரையைக் கவ்வும். சூடேறும் வரை கவ்வாது. ஒரு நிமிஷத்தில் முடிகிற ஆட்டோகிராஸில் அது கண் விழிப்பதற்குள் ஆட்டம் முடிந்து விடும். மழை பெய்தாலோ, தண்ணீரை ஒதுக்கித் தள்ளப் போதிய பள்ளம் இல்லை. வண்டி தோணியாகி விடும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. எண் 300. பிடிப்பும் உண்டு, மழைக்கு நல்ல பள்ளமும் உண்டு.

அவன் இரண்டாவதை வெகு நேரம் தடவிக் கொண்டிருந்தான். நகைக் கடையில் கல்யாணப் பெண் நிற்பது போலத்தான் நின்றான். பிறகு மூன்றாவதைக் காட்டி, "இதையே போடுங்கள்" என்றான்.

"ஏன்?" என்றேன்.

"சுற்றுக்குச் சில விநாடி போகும். போகட்டும். அம்மா ஏறுகிற வண்டி. திரும்பி வரும்போது மழை வரும்."

நான் ஒரு வார்த்தை சொல்லாமலே என் கடமை முடிந்தது. சந்தோஷமாக என் வண்டியை நோக்கி நடந்தேன். மருமான் பின்னாலேயே வந்தவன், வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து விட்டான்.

"உனக்கு அங்கே வேலையில்லை. பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தானே?" என்றேன் பெருமையாக. நான் அதிகம் வெளியே போகாதவன்; டயர் தேயவில்லை.

அவன் ஓரிடத்தில் விரலை வைத்தான். 2317 என்று நாலு எண். "2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது, மாமா. ஏழு வருஷம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகி விடும். ஆறு வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று சில கார் கம்பெனிகளே சொல்கின்றன. நகத்தால் அழுத்திப் பாருங்கள்."

அழுத்திப் பார்த்தேன். கடைக்குள் இருந்த புது டயரில் நகம் பதிந்தது. இதில் கொட்டாங்கச்சியைத் தொட்டது போல் இருந்தது. பக்கச் சுவரில் வற்றிய குளத்து மண் மாதிரி மெல்லிய வெடிப்புகள்.

"மழையிலே என்றைக்காவது வழுக்கியிருக்கிறதா, மாமா?"

இல்லை என்றேன். அது பொய்.

2023 நவம்பரில், திண்டிவனத்திலிருந்து குடும்பத்தோடு வந்து கொண்டிருந்தேன். மதுராந்தகம் தாண்டித் தூறல். ஓரமாகச் சைக்கிளில் ஒரு பெரியவர், பின்னால் புல்லுக்கட்டு. முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், அவருடைய பின் சக்கரத்துக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. புல்லுக்கட்டு சேற்றில் விழுந்து கிடந்தது. என் பெண் அழுது கொண்டிருந்தாள். நான் கண்ணாடியை இறக்கி, "ரோட்டைப் பார்த்து வர மாட்டாயா?" என்று அவரைக் கத்தினேன்.

"நான் ஓரமாத்தானுங்களே வந்தேன்" என்றார் அவர். கட்டை எடுத்துத் தட்டி மறுபடி வைத்துக்கொண்டு போய் விட்டார்.

ஒன்பது மாதமாக அந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதில் அவர்தான் குற்றவாளி. நாலு எண்ணைப் படிக்கத் தெரியாததனால் வந்த கதை அது என்று அன்று கடை வாசலில்தான் தெரிந்தது.

நாலு டயரையும் அப்போதே மாற்றிக்கொண்டேன். இரவு அக்கா கூப்பிட்டாள்.

"சொன்னாயா, தம்பி? கேட்டானா?"

"கேட்டாயிற்று, அக்கா" என்றேன். யார் சொல்ல யார் கேட்டது என்பதை அவளிடம் விளக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை மதுராந்தகம் வழியாகப் போய் வந்தேன். அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன். பெரியவரைக் காணவில்லை.