பதினாறு தையல்கள்

கட்டை அவிழ்த்தவுடன் பார்வை வந்துவிடும் என்றே நானும் நம்பியிருந்தேன். திரைப்படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் என் வலக்கண்ணின் கட்டை அவிழ்த்தபோது கண்டதோ, பால் நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டுமே. "தெரிகிறதா சாமி?" என்ற குரலைக் கொண்டுதான் எதிரே நிற்பவர் நம் உபதேசியார் என்று அறிந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் களத்தில் தெறித்த உமியொன்று அக்கண்ணில் புண்ணை உண்டாக்கி, கருவிழியில் வெண்தழும்பாய் நின்றுவிட்டது. பூ விழுந்த கண் என்பார்களே, அதுதான். பின்னர்ப் புரையும் சேர்ந்தது. ஆகவே மங்கிய கருவிழியை வட்டமாக வெட்டியெடுத்து, புரையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தி, இறந்த ஒருவர் ஈந்து சென்ற தெளிந்த கருவிழியை அவ்விடத்தில் தைத்தார்கள். எல்லாம் ஒரே அமர்வில். தலைமுடியினும் மெல்லிய நைலான் இழையால் பதினாறு தையல்கள்.

இக்கலை பழையதே. 1905-இல், இன்றைய செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பினால் பார்வை இழந்த கூலித் தொழிலாளி ஒருவருக்கு எடுவர்ட் சிர்ம் என்ற மருத்துவர் கருவிழி மாற்றி வெற்றி கண்டார். கண்ணுக்குள் வில்லை வைப்பது 1949-இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி தொடங்கியது.

புரைக்கு மட்டும் அறுவை செய்துகொண்டோர் சில நாள்களில் செய்தித்தாள் படிக்கிறார்கள். எனக்கு அப்படியன்று. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் அது பிறருடையதை எளிதில் ஏற்கிறது. ஆனால் காயம் ஆறுவதும் அதனாலேயே மெதுவாகிறது. தையல்களின் இழுப்பில் வளைவு கோணலாகி, ஒரு விளக்கு மூன்றாகத் தெரிந்தது. ஆறாம் மாதத்திலிருந்து தையல்களை ஒவ்வொன்றாய் எடுத்தனர். பெத்சாய்தாவில் மனிதரை மரங்களைப்போல் கண்டவரைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவரை இரண்டாம் முறை தொட வேண்டியிருந்ததை அவசரமாகவே கடந்திருக்கிறேன்.

பத்தாம் மாதம் ஒருநாள் காலைத் திருப்பலியில், பீடத்து மெழுகுதிரியைச் சுற்றி மூட்டம் கண்டேன். கண் சிவந்து கூசியது. திருவிழா முடியட்டும் என்றிருந்தேன். உபதேசியார் கேட்கவில்லை, அன்றே பேருந்தில் ஏற்றிவிட்டார். புதிய கருவிழியை உடல் மறுக்கத் தொடங்கிய அறிகுறியாம். மணிக்கொருமுறை ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டு, இரண்டு வாரங்களில் தெளிந்தது. தாமதித்திருந்தால் கண் போயிருக்கக்கூடும் என்றார் மருத்துவர்.

கடைசித் தையல் 2025 பிப்ரவரியில் வந்தது. இன்று கண்ணாடி அணிந்து அக்கண்ணால் திருப்பலி நூலை வாசிக்கிறேன்.

யார் கொடுத்த கண் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இறந்து ஆறு மணி நேரத்திற்குள் எடுத்திருக்கவேண்டும்; அழுகை ஓயாத வீட்டில் யாரோ ஒருவர் பேச்செடுத்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாகத் துக்க வீடுகளுக்கு முதலில் செல்வோருள் நானும் ஒருவன். ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்நேரத்தில் எப்படிக் கேட்பது என்பதே என் சாக்கு.

சென்ற மாதம் ஒரு பாட்டி இறந்த வீட்டில் கேட்டேன். மூத்த மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் ஆயிருக்கே சாமி, எடுத்துக்குவாங்களா?" என்றார். எடுத்துக்கொள்வார்கள் என்றேன். கண் வங்கியின் எண்ணை என்னிடம் வாங்கி, அவரே அழைத்தார்.