நடுச்சாமத்தில் தானாக ஓடும் மோட்டர்

நடுச்சாமம். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒரு பைப்பும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் கிணற்றடியில் மோட்டர் ஓடுகிறது. சில நொடிகள் ஓடிவிட்டு ‘டக்’ என்று நிற்கிறது. பத்து நிமிடம் போனதும் மறுபடியும் அதே சத்தம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சுவேலிப் பக்கத்தில் அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளில், மாடிக் குளியலறைக்கும் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று பிரஷர் மோட்டர் பூட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. பழகிப்போய்விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இந்த மோட்டரோடு ஒரு சின்ன இரும்புத் தாங்கி வரும். அதற்குள்ளே, காற்பந்துக்குள் இருக்கும் பிளாடரைப் போல, ஒரு றப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்று அமுங்குகிறது. பைப்பைத் திறந்தால் அந்தக் காற்றுத்தான் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கிறது. அழுத்தம் 20 பி.எஸ்.ஐ அளவுக்கு இறங்கும்போது பிரஷர் சுவிட்ச் மோட்டரை ஓடவைக்கிறது. 40க்கு ஏறியதும் நிறுத்துகிறது. 24 லீற்றர்த் தாங்கியில் காற்று சரியாக இருந்தால், நின்ற மோட்டர் மீண்டும் ஓடுவதற்கு முன் சுமார் 8 லீற்றர் தண்ணீர் எடுக்கலாம். காற்று போய்விட்டாலோ ஒரு செம்புத் தண்ணீருக்கே மோட்டர் துள்ளி எழும்.

ஆகவே முதலில் கவனிக்கவேண்டியது, எப்போது இந்தத் தொல்லை வருகிறது என்பதைத்தான். பைப் திறந்திருக்கும்போது மோட்டர் ஓடி நின்று, ஓடி நின்று அடித்தால் தாங்கியில் காற்று இல்லை என்று நினைக்கலாம். ஒருவரும் தண்ணீர் எடுக்காதபோது ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தால், திருத்த வருபவரின் வேலையில் பாதி முடிந்துவிடும். அதைப் பாராமல் சுவிட்சின் மூடியைக் கழற்றி நட்டைத் திருகுவதும், புது மோட்டர் வாங்க யாழ்ப்பாணத்துக்கு ஓடுவதும் வீண் செலவு.

காற்றைப் பார்ப்பது கடினமில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பைப்பைத் திறந்து தாங்கியில் உள்ள தண்ணீரை முழுவதும் போகவிட வேண்டும். தண்ணீர் இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தையே மீற்றர் காட்டும். காற்று சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம். தாங்கியின் ஒரு நுனியில், சின்ன மூடிக்குள், கார் ரயரில் உள்ளதைப் போன்ற வால்வ் இருக்கும். ரயருக்குக் காற்றுப் பார்க்கும் மீற்றரே போதும். மோட்டர் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ குறைவாக, அதாவது 20இல் ஓடத் தொடங்கினால் 18ஆக, காற்று இருக்கவேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பாலேயே அடித்துவிடலாம். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் சீறினால் றப்பர் பை கிழிந்துவிட்டது. பையை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

ஒழுக்கைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். தாங்கி நிறைந்து மோட்டர் நின்றதும், வீட்டுக்குள் போகும் குழாயின் வால்வைப் பூட்டிவிட்டு, தாங்கியின் அழுத்தத்தைக் காட்டும் மீற்றரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் குற்றம் வீட்டுக்குள். அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது கொமட்டின் தண்ணீர்த் தொட்டியை. அது சத்தமில்லாமல் ஒழுகும். உடுப்புக்குப் போடும் சொட்டு நீலத்தில் கொஞ்சம் தொட்டிக்குள் விட்டு, அரை மணி நேரம் ஒருவரும் பாவிக்காமல் விட்டால், ஒழுக்கு இருந்தால் கீழே நீலம் தெரியும். முள் இறங்கினால் குற்றம் கிணற்றுப் பக்கம்: கிணற்றுக்குள் குழாயின் நுனியில் உள்ள ஃபுட் வால்வோ, இடையில் உள்ள திரும்பா வால்வோ சரியாக மூடாமல், ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்குகிறது.

வால்வ் ஏன் மூடுவதில்லை? அச்சுவேலியில் இதற்கு விடை கேத்தலின் அடியிலேயே இருக்கிறது. அங்கே படியும் வெள்ளைச் சுண்ணாம்பு வால்வின் இருக்கையிலும் படிகிறது. மயிரிழை அளவு படிந்தாலே போதும், றப்பர் பொருந்தாது. பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழாயையும் அதே படிவு அடைக்கிறது. அப்போது சுவிட்ச் உள்ளிருக்கும் அழுத்தத்தை அறியாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்றும் சரி, ஒழுக்கும் இல்லை என்றால் அந்தக் குழாயைக் கழற்றித் துப்புரவாக்கிப் பார்க்கவேண்டும்.

இந்தச் சுண்ணாம்பு வருவது நிலத்திலிருந்துதான். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேலே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அச்சுவேலிக்குப் பக்கத்தில், நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றுக்குப் போனவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நிலத்தின் கீழே தண்ணீருக்கு வழிகள் இருப்பதை ஊர் அப்படித் தனக்குச் சொல்லிவைத்திருக்கிறது.

இந்தப் படலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் அது வழங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம்தான் காரணம். மறுவளமாகப் பார்த்தால், மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏற இடமுண்டு. ஒரே இடத்தில் வேகமாகவும் நெடுநேரமும் இழுத்தால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும்.

துலாவால் இறைத்த காலத்தில், எவ்வளவு எடுக்கிறோம் என்ற கணக்கு மனித உடம்பிலேயே இருந்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் மாற, எவ்வளவு இறைத்தோம் என்பது காலுக்கும் தோளுக்கும் தெரியும். பங்குக் கிணறுகளில் ஆளுக்கு ஒரு முறை உண்டு. முறை தவறினால் சண்டை வரும். பிறகு மண்ணெண்ணெய் மிசின் வந்தது. 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் மின்சாரமும் போய், மண்ணெண்ணெய்யும் அருமையாகிவிட, கப்பியும் வாளியும் மீண்டும் கைக்கு வந்தன. அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் ஒரு வாளித் தண்ணீரின் பாரத்தை இன்னும் மறக்கவில்லை. இன்றைய பிரஷர் மோட்டர் அந்தப் பாரத்தை முற்றாக எடுத்துவிட்டது. நல்லதுதான், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நிறைந்த ஊரில் அது பெரிய உதவி. ஆனால் இப்போது எவ்வளவு போகிறது என்று சொல்ல மோட்டரின் சத்தத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்தச் சாட்சி சொல்வதைக் கணக்குப் பார்க்கலாம். தாங்கியில் காற்றுச் சரியாக இருந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டர் ஓடினால், ஒவ்வொரு முறையும் 8 லீற்றர் எங்கோ போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 1,150 லீற்றர். மேலே ஏற்றிவைக்கும் பெரிய தாங்கி ஒன்றின் கொள்ளளவைவிட அதிகம். ஃபுட் வால்வால் போனால் அது கிணற்றுக்கே திரும்புகிறது, மின்சாரம்தான் வீண். கொமட்டால் போனால் மலகூடக் குழிக்குப் போய், அங்குள்ளதையும் கரைத்துக்கொண்டு சுண்ணாம்பு வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போனதற்கு உரத்தோடு இந்தக் குழிகளும் காரணம். எனவே நீலம் போட்டுப் பார்க்கும் அந்த அரை மணி நேர வேலை பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்துச் செய்வது.

மோட்டருக்கும் இது கெடுதி. ஓடத் தொடங்கும் கணத்தில் அது சாதாரணமாக இழுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அந்தச் சூடு ஆறமுன் மறுபடி தொடங்கினால் கம்பிச்சுருள் வேகும், கப்பாசிற்றர் போகும், சுவிட்சின் முனைகள் கருகும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏறியபோது பல வீடுகள் பல்ப்புகளை எண்ணின. கிணற்றடியை எண்ணிய வீடுகள் குறைவு.

காற்றை ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. ஃபுட் வால்வைக் கழற்றித் துப்புரவாக்குவதென்றால் ஆவணி, புரட்டாதிதான் வசதி: கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும், குழாயை இலகுவாகத் தூக்கலாம். தண்ணீர் அப்படி இறங்கிய மாதங்களில் மோட்டர் கூடிய ஆழத்திலிருந்து இழுப்பதால், உறிஞ்சு குழாயின் தளர்ந்த மூட்டுகள் காற்றை உள்ளே இழுப்பதும் அப்போதுதான் தெரியவரும். வால்வின் படிவை வினாகிரியில் ஊறவைத்து எடுத்து, றப்பர் கடினமாகியிருந்தால் மாற்றி, மூட்டுகளுக்குப் புது ரேப் சுற்றி, ஐப்பசி மழைக்கு முன் குழாயை இறக்கிவிட வேண்டும்.