புதுவையில் ஒரு பகல்: கடலும் சோலையும்

விடுமுறை வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல் எனத் தொலைவிலுள்ள ஊர்களையே நம் குடும்பங்கள் நினைக்கின்றன. கம்மாபுரம் வட்டாரத்தில் வாழும் நமக்கோ, காலையில் சென்று இரவில் திரும்பத்தக்க கடற்கரை நகரம் ஒன்று அருகிலேயே உள்ளது. புதுச்சேரிதான் அது. அதிகச் செலவின்றிப் பிள்ளைகளுடன் கண்டு மகிழலாம். சிந்திக்கவும் அங்கே நிறைய உண்டு.

சுப்ஹுத் தொழுகையை முடித்துப் புறப்பட்டோம். விருத்தாசலத்தில் பேருந்து மாறி, நெய்வேலி, வடலூர், கடலூர் வழியாகச் சென்று அரியாங்குப்பத்தில் இறங்கினோம். அங்கிருந்து கிழக்கே சென்றால் வீராம்பட்டினக் கடற்கரை. அகன்ற மணற்பரப்பு, கட்டுமரங்களும் படகுகளும் வரிசையாக ஓய்வெடுத்தன. பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதில் தம்மை மறந்தனர். வங்கக்கடலின் இழுப்பு வலியது. ஆதலால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் செய்தோம்.

முற்பகலில் நகரின் தாவரவியல் பூங்காவை அடைந்தோம். பிரெஞ்சு ஆட்சியில் 1826-இல் தொடங்கப்பட்ட சோலை இது. பின்னர் பெரோத்தே என்னும் தாவரவியலார் அயல்நாட்டுச் செடிகொடிகளைக் கொணர்ந்து, இம்மண்ணில் எவை தழைக்கும் என ஆராய்ந்து வளர்த்தார். 1870-இல் அவர் மறைந்ததும் புதுவையிலேயே. இன்று நாம் இளைப்பாறும் நிழலில் இத்தகையோரின் உழைப்பு கலந்திருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்த அதே காற்று, இந்தப் பூங்காவின் முதுமரங்கள் பலவற்றையும் வீழ்த்தியது. தலைமுறைகள் வளர்த்தது ஓர் இரவில் போயிற்று. ஆயினும் புதிய கன்றுகள் நடப்பட்டன.

நகரின் தென்பகுதியில் முல்லா வீதி, காஜியார் வீதி என முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் தெருக்கள் உள்ளன. அங்கே லுஹர் தொழுது, கட்டிச் சென்ற சோற்றை உண்டு, சற்று இளைப்பாறினோம்.

அஸருக்குப் பின் கடற்கரைச் சாலைக்குச் சென்றோம். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையில் மாலையில் வாகனங்களுக்கு இடமில்லை. முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கலாம். 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தியடிகளின் சிலையையும் பார்த்து வருகையில், கரையோரக் கரும்பாறைகளைக் கண்ட என் இளைய மகள், “அத்தா, காலையில் பார்த்த மணல் இங்கே ஏன் இல்லை?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பப்பட்டன. வந்த மணல் தெற்கே வீராம்பட்டினப் பக்கம் தங்கிவிட்டது. வடக்கே நகரின் கரை தேய்ந்தது. சாலையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. அரிப்போ அத்துடன் நிற்காமல் மேலும் வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பகுதி மீனவர்களின் வீடுகளைத் தொட்டது.

2018-ஆம் ஆண்டளவில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலடியில் எஃகினாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தனர். அதன்பின் அவ்விடத்தில் மணல் மீண்டும் சேர்ந்தது. அந்தச் சிறு மணற்பரப்பில் பிள்ளைகள் ஓடியாடியதைக் கண்டு உள்ளம் குளிர்ந்தது.

மரத்தைப் புயல் சாய்த்தது. மணலை மனிதன் கட்டிய சுவர் தடுத்தது. முன்னது நம் கையில் இல்லை. பின்னது நம் கையில் இருந்தது. ஒருவர் தம் வாசலில் எழுப்பும் சுவர் அண்டை வீட்டாரின் கரையைக் கரைக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

வாய்ப்புள்ளோர் குடும்பத்துடன் ஒருமுறை சென்று வாருங்கள். திரும்பியதும், இன்ஷா அல்லாஹ், வீட்டுக்கொரு கன்று நடுங்கள். அதன் நிழல் நம் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.