பிஸ்கட் பெட்டி விமானமும் அம்மா கேட்ட கேள்வியும்

காட்போட்டில் ரிமோட் விமானம் செய்தால் பறக்குமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பறக்கும். குருவிட்டவில் றப்பர் மலைக்குக் கீழே உள்ள ஒரு லயத்து வீட்டில், கெம்பஸ் விடுமுறையில், மூன்று பேர் சேர்ந்து செய்து பறக்கவிட்டோம். கடைக்கு பிஸ்கட் வந்த பெட்டிதான் சிறகு. செய்யிறது அவ்வளவு கஷ்டமில்ல. கஷ்டம் வேற இடத்துல இருந்திச்சு. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

காட்போட்டின் ஓரத்தைப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவில் நெளிநெளியாக இன்னொரு தாள் தெரியும். அந்த நெளிவுகள் சிறகின் நீளப்பக்கமாக ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்கே ஓடினால் சிறகு நடுவில் மடிந்துவிடும். நாங்கள் வெட்டிய சிறகு 1 மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம். உள்ளே ஒரு மூங்கில் சிம்பு. உடம்பு நீளமான பெட்டி, வால் ஒற்றை மட்டை. சிறகை உடம்போடு ஒட்டாமல் றப்பர் பேண்டால் இழுத்துக் கட்டினோம். எதிலாவது மோதினால் சிறகு கழன்று விழும், உடையாது. பால்வெட்டுற மலையில இருந்துக்கிட்டு றப்பர் பேண்டைக் கடையில காசு குடுத்து வாங்கினோம் என்பது தனிக் கதை.

பெட்டி மட்டைக்கு விமான வரலாற்றிலும் இடம் இருக்கிறது. 1899இல் வில்பர் ரைட் தன் சைக்கிள் கடையில் டியூப் வந்த வெற்றுப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் திரும்பியதைக் கண்டபோதுதான், சிறகையே முறுக்கி விமானத்தைச் சாய்க்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது.

சிறகின் வடிவத்தில் எங்களுக்கு உதவியவர் ஒரு கலைக்காரர். நியூயோர்க்கில் விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநராக இருந்த ரிச்சர்ட் க்ளைன், 1960களில் மகனுக்காகக் காகித விமானம் மடித்தபோது சிறகில் ஒரு படி வைத்தார். அது நிதானமாகப் பறந்தது. ஃப்ளாய்ட் ஃபோகிள்மன் என்பவரோடு சேர்ந்து 1972இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பெரிய விமானங்களுக்கு அது பயன்படவில்லை. ஆனால் வீட்டில் விமானம் செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வளைந்த சிறகு செய்யத் தேவையில்லை. முன் ஓரத்திலிருந்து பாதி அகலம் வரை இன்னொரு மட்டையை மேலே ஒட்டினால் படி வந்துவிடும். எங்க பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்கள்ல ஏ.எல். விஞ்ஞானம் படிக்க வழி குறைவு. அதனாலேயே கலைப்பிரிவுக்குப் போன எங்களுக்கு, இந்தப் படியை ஒட்டும்போது ஒரு சின்ன சந்தோசம்.

மோட்டர், பற்றரி, ரிமோட், சுக்கானை அசைக்கிற சர்வோ, இதுகள வீட்டில் செய்ய முடியாது. எல்லாம் இறக்குமதி. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதுக்குப் பிறகு புதுசு வாங்குறதை நினைக்கேலாது. மகாபொலக் காசைச் சேர்த்துப் பழைய சாமான் வாங்கினோம். எல்லாம் பூட்டியபோது நிறை 600 கிராம். அதில் பற்றரி மட்டுமே 180 கிராம். இரண்டு விரல் நுனியில் சிறகைத் தாங்கினால், முன் ஓரத்திலிருந்து 5, 6 சென்ரிமீற்றரில் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே தள்ளு, மூக்கு தாழ்ந்தால் பின்னே இழு. இந்த ஒன்று சரியென்றால் பாதி வேலை முடிந்தது. லிதியம் பற்றரியை சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். லயத்தில் ஒரு வீடு பிடித்தால் வரிசையே பிடிக்கும்.

மழை இன்னொரு பிரச்சினை. இந்தப் பக்கத்தில் பின்னேரம் வானம் எப்ப உடையும் என்று சொல்லேலாது. நனைந்த காட்போட் பாயாசத்து அப்பளம். அகலமான செலோடேப்பால் முழுதும் சுற்றினோம்.

டேப் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீட்டு அம்மா கேட்டார்:

"வயரு, பெட்றி, ரிமோட்டு... நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா பிஸ்கட் பொட்டின்னா சொல்லுவீங்க?"

நாங்கள் சிரிக்கவில்லை. யுத்த காலத்தில் மலையகப் பொடியன்களும் சந்தேகத்தில் பிடிபட்டார்கள். பயங்கரவாதத் தடைச்சட்டம் 1979இல் வந்தது, இன்னும் பேச்சில் இருக்கிறது. 2007 மார்ச்சில் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்கவில் குண்டு போட்டபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள், அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்டில் ட்ரோன் பறக்கவிடுவதையே நிறுத்தி வைத்தார்கள். 2023இல் அவுஸ்திரேலியாவின் சைபக் நிறுவனம் செய்த மெழுகு பூசிய காட்போட் விமானங்கள் உக்ரேன் போருக்குப் போயின. ஆக, அம்மாவின் பயம் சும்மா வந்த பயமில்லை. அதே மட்டை, அதே மோட்டர்தான். தமிழ்ப் பிள்ளைகள் கையில் இருந்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது வேறொன்றாகத் தெரியலாம்.

ஒளிச்சு வச்சு செய்றதுதான் பயத்தைப் பெருக்கும் என்று முடிவெடுத்தோம். 200 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானத்தை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். அந்த வேலை முடியும்வரை மோட்டரை இயக்காமல், கையால் எறிந்து சறுக்கவிட்டோம். கிராம சேவகரிடம் போய்ச் சொன்னோம். லயத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினோம். வந்து பார்த்த தாத்தா ஒருத்தர் வாலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கோழி மாதிரிதான் பறக்கும்"னு சொல்லிட்டுப் போனார்.

மலையில் சமதரை கிடையாது. பிரட்டுக்களம் சின்னது, பக்கத்தில் கரண்ட் கம்பி. கீழே கிராமத்தில் அறுவடை முடிந்த வயல் இருந்தது. வயல்காரரிடம் கேட்கப் போகும்போது பதிவுக் கடதாசியைக் கையிலேயே பிடித்திருந்தோம். அவர் கடதாசியைப் பார்க்கவே இல்லை. விமானத்தைத் தூக்கிப் பார்த்து, "மேக்க இகிலெனவத?" என்றார். இது பறக்குமா என்றுதான் கேட்டார்.

பறந்தது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வயலை இரண்டு சுற்றுச் சுற்றி வரப்போரமாக வயிற்றால் இறங்கியது. வயல்காரரின் பேரனும் லயத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் ஓடினார்கள்.

இப்போது அந்தப் பிள்ளைகள் மோட்டர் இல்லாத சின்ன விமானம் செய்கிறார்கள். ஒரு மட்டை, மூக்கில் ஒட்டிய ஐந்து ரூபாய்க் குத்தி, அவ்வளவுதான். ரெண்டு விரல்ல வச்சு சமம் பார்க்க அவங்களுக்குத் தெரியும். கோழியைத் தாண்டிப் போகுதான்னு மட்டும்தான் பார்க்குறாங்க. யாரும் வந்து எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு அவங்க யோசிக்கிறதில்ல. அது அப்படியே இருக்கட்டும்.