அரக்கோணத்திலிருந்து ஒரு குரல்

போன தீபாவளிக்கு வந்த பேரன், "தாத்தா, நம்ம ஜில்லாக்காரர் பாட்டு, கேளுங்க" என்று என் போனில் ஓர் ஆல்பத்தை ஏற்றிவிட்டுப் போனான். பெயர் 'தெருக்குரல்'. 2019-இல் வந்தது. பாடியவர் அறிவு, இசை ஆஃப்ரோ. அறிவுக்குச் சொந்த ஊர் அரக்கோணம். வாலாஜா ரோட்டில் ரயில் ஏறி மெட்ராஸ் போகிற எனக்கு அரக்கோணம் என்றால் டீ குடிக்கிற ஸ்டேஷன், அவ்வளவுதான்.

2021-இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யை நீங்களே கேட்டிருப்பீர்கள். அது உலகம் சுற்றிய பாட்டு. இந்த ஆல்பம் அதற்கு முந்தியது, நம் வயதுக்காரர்கள் காதுக்கு எட்டாதது.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. எம்.எஸ்.வி., இளையராஜாவில் ஊறிய காது. மெட்டு எங்கே என்று தேடினேன். மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. இது தாளத்தில் கட்டிய பேச்சு. எங்கள் தெருவில் ஒப்பாரி சொல்ல வரும் ஆயாவும் மெட்டைவிடச் சொல்லைத்தான் நம்புவாள். சில இடங்களில் தாளச் சத்தம் சொல்லை விழுங்கிவிடுகிறது, அது குறைதான்.

'ஸ்னோலின்' பாட்டு வந்தபோது நடையை நிறுத்திவிட்டேன். 2018 மே 22, தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பெண்ணின் பெயர் அது. ஆலை வேண்டாம் என்று ஊர்வலம் போன பிள்ளை.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினவன். ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேர் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். மஞ்சளாக இருந்தது. "இது உங்க ஷாப் தண்ணியாலதானே சார்?" என்றார்கள். ராத்திரியில் கழிவைத் திறந்துவிடும் ஆளுக்குக் கூலி எழுதியதே நான்தான்.

"தெரியாதும்மா" என்றேன்.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டின் பெயர் 'கள்ளமௌனி'. அது யாரைப் பாடியதாகவும் இருக்கட்டும். தலைப்பைப் படித்ததும் எனக்கு அந்தக் குடம்தான் கண்ணில் நின்றது.

அந்த நாலு பேரில் ஒருவர் இன்றும் முத்துக்கடையில் கீரை விற்கிறார். நேற்று சிறுகீரை வாங்கும்போது, என் காதில் இருந்த ஒயரைப் பார்த்து, "என்ன பாட்டு சார்?" என்று கேட்டார்.

"நம்ம அரக்கோணத்துப் பையன் பாடினதும்மா" என்றேன். மேலே சொல்ல வாய் வரவில்லை.